காதடைப்பான் ஒருங்கிணைப்பாளர்

கவலைக்கென்றே நான்கு மாடியில் ஒரு கட்டடம் இருப்பது கண்ணாடிக்காரருக்கு அதுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அதைப் பற்றியும் முன்கூட்டியே கவலைப்பட்டிருப்பார்.

அவர் ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். தொழிலில் கை நடுங்காது. கண்ணாடி வெட்டுவது பார்க்க எளிது. கூரான குட்டிச் சக்கரத்தால் ஒரே ஒரு கோடு, அடியில் லேசாக ஒரு தட்டு, இரண்டாகப் பிரிந்துவிடும். போட்ட கோட்டின் மேலேயே மறுபடி கோடு போட்டால்தான் வம்பு; கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். கடைக்குள் இதை ஒருநாளும் மறக்காத மனிதர், கடையைவிட்டு வெளியே வந்ததும் ஒரே கோட்டை நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்தோமா? அணைத்தோம். சரியாக அணைத்தோமா? சரியாக அணைத்ததாக நினைத்துக்கொண்டு மறுபடி திறந்துவிட்டோமா?

அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுநர். வண்டியில் இருக்கும்போது போனை எடுக்கமாட்டாள். எடுக்காததால் இவருக்குக் கவலை கூடும். கூடியதால் மறுபடி கூப்பிடுவார். ஒருமுறை பொறுக்கமுடியாமல் அந்தப் பேருந்திலேயே ஏறி, "பிரேக் பிடிக்குதான்னு பாத்தியா?" என்று கேட்டார். அடுத்த நிறுத்தத்தில் பயணிகள் பாதிப்பேர் இறங்கிவிட்டார்கள்.

ஒரே மகள். உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, அவள் டவர் கிரேன் ஓட்டும் பயிற்சிக்குத் தேர்வாகியிருந்தாள். தூரத்து ஊர், ஒரு வருடப் பயிற்சி. முந்தைய முறை அவள் சுற்றுலா கிளம்பியபோது, ஜன்னல் கொக்கி சரியாக மாட்டுகிறதா என்று பார்க்கப் பெட்டிக்குள் ஏறியவர், ரயில் நகர்ந்துவிட, அவளுடைய வகுப்பு முழுவதுடனும் அடுத்த ஊர் வரை போய்வந்தார். மகள் அதை மன்னித்துவிட்டாள். அவள் தோழிகள்தான் இன்னும் மறக்கவில்லை.

"ஸ்டேஷனுக்கு வாங்கப்பா," என்றாள் இந்த முறை. "ஆனா சிரிச்ச முகமா கீழயே நிக்கணும். 'பத்திரம்'னு ஒரு வார்த்தை வாயிலேர்ந்து வரக்கூடாது. முடியாதுன்னா வீட்டு வாசல்லயே டாட்டா சொல்லிக்கலாம்."

"பத்திரம்னு சொல்றதுல என்னம்மா தப்பு?"

"ஒருதடவை சொன்னா தப்பில்ல. நான் குளிக்கப் போறப்பகூடச் சொல்றீங்க."

"அவரு சிரிச்சு நான் பாத்ததே கல்யாண போட்டோவுலதான்," என்றாள் மனைவி. "அதுலயும் விளக்கு தலைமேல விழுந்துடுமோன்னு மேலயே பாத்துக்கிட்டு இருக்காரு."

சொன்னவள் சும்மா இருக்கவில்லை. தன் வழித்தடத்தில் புதிதாகக் கட்டியிருந்த கட்டடத்தின் வாசலில் கணவரை இறக்கிவிட்டு, "உள்ள போய்க் கேளுங்க. வண்டி திரும்பி வர்றப்ப ஏத்திக்கறேன்," என்று கிளம்பிவிட்டாள். மகள் புறப்பட இன்னும் சில வாரங்கள் இருந்தன. அதற்குள் பிளாட்பாரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கிற மனிதராக ஆகிவிட வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கட்டடத்தின் பெயர் 'தொடர்கவலை ஒருங்கிணைந்த சிகிச்சை உயர்மையம்'. இடப்பக்கம் காந்தப் பிரிவு, வலப்பக்கம் பேச்சுப் பிரிவு. விடாத கவலைக்குக் காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டுவது ஒரு வழி. உட்கார்ந்து பேசிப்பேசிக் கவலையின் பழக்கத்தை மாற்றுவது இன்னொரு வழி. இரண்டையும் சேர்த்தால் பலன் கூடலாம் என்பது நல்ல யோசனை. மையமும் அதை ஏற்றுக்கொண்டு கட்டடங்களைச் சேர்த்துவிட்டது. மனிதர்களைச் சேர்ப்பதற்கு மட்டும் ஏற்பாடு எதுவும் செய்யவில்லை.

காந்தப் பிரிவின் தலைவர் மனிதர்களோடு அதிகம் பேசாதவர். இயந்திரத்தைப் பார்த்தால் முகம் மலரும். கண்ணாடிக்காரரை நாற்காலியில் சாய்த்து, எட்டு போல் வளைத்த ஒரு கம்பிச்சுருளைத் தலையருகே கொண்டுவந்தார். அது வேலை செய்யும் விதம் உண்மையிலேயே அழகானது. சுருளுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சி, கண்ணிமைப்பதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் சட்டென்று எழுந்து அடங்கும் காந்தப்புலம் தோல், முடி, எலும்பு எதையும் பொருட்படுத்தாமல் உள்ளே போகிறது. உள்ளே போய், மூளையின் நரம்புகளில் தானே ஒரு சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. கத்தியில்லை, ஊசியில்லை. துடிப்பை மெதுவாகக் கொடுத்தால் அந்த இடம் அடங்கும்; வேகமாகக் கொடுத்தால் விழிக்கும்.

"வலிக்குமா சார்?"

"மரங்கொத்தி தலையில உக்காந்த மாதிரி இருக்கும்."

"கொத்துமா?"

"கொத்தத்தானே உக்காருது."

எவ்வளவு பலமாகக் கொடுப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கண்டுபிடிக்க, கட்டைவிரலை அசைக்கும் மூளைப்பகுதியின் மேல் சுருளை வைத்துப் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். விரல் துள்ளினால் அதுதான் அளவு. கண்ணாடிக்காரரின் விரல் துள்ளியது.

"சார், விரல் தானா ஆடுது!"

"ஆடணும்."

"ஆடாமப் போயிருந்தா?"

"அதான் ஆடிடுச்சே."

"இனிமே ஆடாம நின்னுடுமா?"

காந்தத் தலைவர் இயந்திரத்தைப் பார்த்து, "ரொம்ப நல்ல கேஸ்," என்றார்.

பேச்சுப் பிரிவின் தலைவி நேர்மாறு. கேள்விக்கு வேறொரு கேள்வியைத்தான் பதிலாகத் தருவார். "சாப்பிட்டாச்சா மேடம்?" என்றால், "அது தெரிஞ்சா உங்களுக்கு என்ன நிம்மதி கிடைக்கும்னு நினைக்கிறீங்க?" என்பார். ஆனால் வேலை தெரிந்தவர். கவலையை விரட்டினால் போகாது, உட்காரவைத்து விசாரிக்க வேண்டும் என்பது அவர் வழி. நீ சொன்னதெல்லாம் நடந்திருக்கிறதா, நடந்தாலும் சமாளிக்க முடியாதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் அதன் குரல் இறங்கும்.

இந்த இருவருக்கும் இடையே ஒரு சுவர் இருந்தது. அவருக்குப் பேச்சு வெறும் காற்று. இவருக்குக் காந்தம் வெறும் இரும்பு. ஒருவர் மற்றவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் மூன்றாம் மாடியில் இருக்கும் இயக்குநருக்கு எழுதுவார். இயக்குநர் அதைப் படித்து, கவலைப்பட்டு, கீழே அனுப்புவார்.

துடிப்பு வாங்கிய மூளை கொஞ்ச நேரம் இளகியிருக்கும், அந்த இளக்கத்திலேயே பேசிவிட வேண்டும் என்பதுதான் சேர்த்துச் செய்வதன் சாரம். ஆகவே காந்தம் முடிந்ததும் பேச்சு. இதில் ஒரு சிக்கலும் இல்லை என்று நாம் நினைப்போம். "அவங்க முடிக்கற வரைக்கும் நான் காத்திருக்கணுமா?" என்று பேச்சுத் தலைவி எழுதினார். "நான் உழுது வைக்க, அவங்க விதைச்சுப் பேர் வாங்கறதா?" என்று காந்தத் தலைவர் எழுதினார். இயக்குநர் இரண்டு நாள் யோசித்து, யாரும் யாருக்கும் பின்னால் இல்லாதபடி ஓர் உத்தரவு போட்டார். இரண்டும் ஒரே அறையில், ஒரே நேரத்தில்.

முதல் கூட்டுச் சிகிச்சை அப்படித்தான் தொடங்கியது. சுருளில் மின்சாரம் பாயும்போதெல்லாம் சுருளே ஒரு குலுங்கு குலுங்கும். அதனால் 'டக், டக்' என்று காதருகே சுத்தியல் சத்தம். எனவே நோயாளி கட்டாயம் காதடைப்பான் போட வேண்டும். இது நியாயமான விதி. கண்ணாடிக்காரரின் காதுகளில் மஞ்சள் நிறப் பஞ்சுருண்டைகளைத் திணித்தார்கள். எதிரே பேச்சுத் தலைவி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மிக அக்கறையோடு பேசத் தொடங்கினார்.

உதடுகள் அசைந்தன. கண்ணாடிக்காரர் மரியாதைக்குத் தலையாட்டினார்.

"தலையை ஆட்டாதீங்க!" என்று காந்தத் தலைவர் அதட்டினார். அதுவும் கேட்கவில்லை. பேச்சுத் தலைவி தொடர்ந்து பேசினார். இவர் சிரித்துவைத்தார். தலைவியின் முகம் வாடியது. ஏதோ துக்கமான இடத்தில் சிரித்துவிட்டோம் என்று புரிந்து, துக்கமாக முகத்தை வைத்துக்கொண்டார். தலைவி திருப்தியோடு குறித்துக்கொண்டார்.

எழுதிக் காட்டலாமே என்று ஒருவர் சொன்னார். எழுதினால் அது வாசிப்புச் சிகிச்சை, அந்தப் பிரிவு இன்னும் அனுமதிக்கப்படவில்லை என்றார் பேச்சுத் தலைவி. சத்தம் குறைந்த சுருள் வாங்கலாமே என்றார் இன்னொருவர். சத்தம்தான் இயந்திரத்துக்கு மரியாதை என்றார் காந்தத் தலைவர். கடைசியில் குழு ஒன்று கூடி வழி கண்டது. துடிப்புகள் தொடர்ந்து வருவதில்லை. கொஞ்சம் துடிப்பு, கொஞ்சம் இடைவெளி. துடிப்பின்போது அடைப்பான் உள்ளே, இடைவெளியில் வெளியே. எடுப்பதும் திணிப்பதும் யார்? காது காந்தப் பிரிவுக்கா, பேச்சுப் பிரிவுக்கா என்பதில் இணக்கம் வராததால் புதிய பதவி உருவானது. காதடைப்பான் ஒருங்கிணைப்பாளர்.

அதுவரை வாகன நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சாதுவான மனிதர் அவர். வெள்ளைக் கோட்டும் இடுக்கியும் கொடுத்தார்கள்.

"வேலை எப்படிங்க இருக்கு?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"பழைய வேலைதாங்க. உள்ள விடறது, வெளிய எடுக்கறது. எனக்கும் ஒரு ஜோடி குடுத்திருக்காங்க. கூட்டத்துக்குப் போறப்ப போட்டுக்குவேன்."

அடுத்த சிகிச்சையில் வேறொரு பிரச்னை முளைத்தது. "கவலை நரம்பு ஓடிக்கிட்டு இருக்கறப்பத்தான் துடிப்பு அதைப் பிடிக்கும். கவலைப்படுங்க!" என்று துடிப்புக்கு முன்பே சொல்லிவைத்தார் காந்தத் தலைவர். அடைப்பான் வெளியே வந்தது. "மூச்சை மெதுவா விடுங்க. கவலையை இறக்கி வைங்க," என்றார் பேச்சுத் தலைவி. அடைப்பான் உள்ளே போனது. காந்தத் தலைவர் கையை மேலே தூக்கிக் காட்டினார்: "ஏத்துங்க!" வெளியே. "இறக்குங்க!" கண்ணாடிக்காரர் ஏற்றி இறக்கி வியர்த்துப்போனார்.

"என்ன சொன்னாங்க?" என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

"ஒருத்தர் படச் சொல்றாரு. ஒருத்தங்க படாதேங்கறாங்க."

"அதுக்கு நம்ம வீட்லயே இருந்திருக்கலாமே."

மகள் புறப்படும் நாள் நெருங்கியது. அவள் பெட்டியில் துணிகளை அடுக்கும்போது இவர் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். அவள் பெட்டியைத் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கதவு சத்தமில்லாமல் மூடியது. அதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் சிகிச்சையில், துடிப்பு முடிந்து அடைப்பானை எடுத்த ஒருங்கிணைப்பாளர் கையில் இடுக்கியோடு அப்படியே நின்றார். இடுக்கியைக் கிருமிநீக்கம் செய்ய மூன்றாம் மாடியில் கையெழுத்து வாங்க வேண்டுமாம். மேலே போனவர் திரும்பி வரவில்லை. அவர் வரும்வரை இருக்கையைவிட்டு எழக்கூடாது என்பதால் மூவரும் அறையில் மாட்டிக்கொண்டார்கள். சிகிச்சை தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருந்ததால் எப்படிப் பேசுவது என்ற விதி எதுவும் நடைமுறையில் இல்லை. பேச்சுத் தலைவி வேறு வழியில்லாமல், சாதாரணமாகக் கேட்டார்.

"என்னதான் உங்க கவலை?"

கண்ணாடிக்காரர் சொன்னார். மகள், கிரேன், பிளாட்பாரம், சத்தமில்லாமல் மூடிய கதவு. எல்லாம் சொன்னார். காந்தத் தலைவர் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தன் ஸ்டூலை அருகில் இழுத்தார்.

"அவ மேல ஏறினப்புறம் நீங்க கவலைப்பட்டா, அந்தக் கிரேனுக்கு என்ன ஆகும்?" என்றார் பேச்சுத் தலைவி.

கண்ணாடிக்காரர் கிரேனை மனதில் நிறுத்திப் பார்த்தார். "ஒண்ணும் ஆகாது."

"அப்ப உங்க கவலை யாரைத் தாங்குது?"

"யாரையும் தாங்கல மேடம். போட்ட கோட்டு மேலயே கோடு போடறேன். கண்ணாடிதான் வீணாகுது."

"நிறுத்தச் சொல்லல. தள்ளிப் போடுங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு அரை மணி நேரம் கவலைக்குன்னு ஒதுக்குங்க. நடுவுல எது வந்தாலும், 'ஆறு மணிக்கு வா'ன்னு சொல்லி அனுப்பிடுங்க. ஆறு மணிக்கு வந்ததை உக்கார வச்சு விசாரிங்க."

"என் பொண்ணு பாராசூட்ல குதிக்கறா," என்றார் காந்தத் தலைவர், திடீரென்று. பேச்சுத் தலைவி முதல்முறையாக அவரைத் திரும்பிப் பார்த்தார்.

அன்று மாலை ஆறு மணிக்குக் கண்ணாடிக்காரர் கடைவாசலில் உட்கார்ந்து, பகலெல்லாம் தள்ளிப்போட்டவற்றைக் கூப்பிட்டார். பாதி வரவில்லை. வந்தவையும் முகம் வெளிறி நின்றன. அடுத்தடுத்த நாட்களில் கூட்டம் இன்னும் குறைந்தது. துடிப்பு மண்ணை இளக்கியதா, பேச்சு விதையாக இறங்கியதா என்று அவர் ஆராயவில்லை. இரண்டும் அடுத்தடுத்து, சரியான வரிசையில் நடந்தது அந்த ஒருமுறைதான்.

மையம் அதிர்ந்துபோனது. இயக்குநர் அவரை மேலே கூப்பிட்டனுப்பினார்.

"நீங்க குணமாயிட்டு வர்றதா தகவல் வந்திருக்கு. உண்மையா?"

"ஆமா சார். ரொம்ப நன்றி."

"நன்றியெல்லாம் அப்புறம். ஒருங்கிணைப்பாளர் இல்லாத நேரத்துல குணமாயிருக்கீங்க. அது சிகிச்சை இல்ல, விபத்து. விபத்தை நான் எப்படி வெளிய காட்டறது? இங்க நோயாளி நல்லாகறது முக்கியம்தான். இல்லேங்கல. ஆனா எங்களுக்குத் தெரியாம நல்லாயிட்டா, நாங்க எதுக்கு இருக்கோம்?" அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஒத்துழைக்கணும். கொஞ்சம் பழையபடி கவலைப்பட்டுக்கிட்டு வாங்க. கட்டடத் திறப்பு விழாவுல, எல்லார் முன்னாலயும், முறைப்படி குணமாக்கறோம்."

"விழா என்னிக்கு சார்?"

அவர் சொன்ன நாள், மகள் புறப்படும் நாள்; கண்ணாடிக்காரர் அதைச் சொன்னார். "ரயில் சாயங்காலம்தானே? காலையில விழா. மதியம் நீங்க வீட்ல இருப்பீங்க," என்றார் இயக்குநர். உதவி செய்தவர்கள் கேட்கும்போது மறுப்பது கண்ணாடிக்காரரால் முடியவில்லை.

தலைமை விருந்தினர் மதியத்துக்கு மேல்தான் வந்தார். அந்த அம்மாளுக்கு இன்னும் பல இடங்களில் ரிப்பன் வெட்ட வேண்டியிருந்தது. மேடை, மாலை, கேமரா. நடுவே நாற்காலியில் கண்ணாடிக்காரர். சுவர்க்கடிகாரம் அவருக்கு நேர் எதிரே.

"எங்க, கொஞ்சம் கவலைப்படுங்க," என்றார் பேச்சுத் தலைவி, மேடைக்காக.

அவர் மனப்பூர்வமாக முயன்றார். அடுப்பை நினைத்தார். அணைத்திருப்போம் என்று தோன்றியது. கிரேனை நினைத்தார். ஏறுவாள், இறங்குவாள். ரயிலை நினைத்தார். இப்போது கிளம்பினால் பிடித்துவிடலாம்.

"மன்னிக்கணும் மேடம், இப்ப வரல. ஆறு மணிக்குத்தான் வரச் சொல்லியிருக்கேன்."

இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. மேடையின் ஓரத்தில் நின்று கைகளைப் பிசைந்தார். "ஐயோ, கரண்ட் போயிட்டா? அம்மா கோவிச்சுக்கிட்டா? இவன் கவலைப்படவே இல்லன்னா?" என்று முணுமுணுத்தபடி மைக்கின் ஒயரை மூன்றுமுறை சொருகிப் பார்த்தார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. விருந்தினர் அந்த நாற்காலியில் சாந்தமாக அமர்ந்திருந்தவரைப் பார்த்தார். பிறகு இயக்குநரைப் பார்த்தார்.

"நோயாளிய ஏன் நிக்க வச்சிருக்கீங்க?" என்றார். "பாவம், ரொம்ப முத்திப்போயிருக்கே. டாக்டர் எந்திரிங்க, அவரை உக்கார வைங்க."

தலைமை விருந்தினரைத் திருத்தும் வழக்கம் அந்த மையத்தில் இல்லை. கண்ணாடிக்காரர் எழுந்தார். இயக்குநர் உட்காரவைக்கப்பட்டார். ஒருங்கிணைப்பாளர் கடமை தவறாமல் இரண்டு அடைப்பான்களையும் ஆழமாகத் திணித்தார். சுருள் டக்கென்றது, இயக்குநரின் கட்டைவிரல் துள்ளியது, கூட்டம் கைதட்டியது. இடைவெளியில் அடைப்பான் வெளியே வந்தது.

"என்னதான் உங்க கவலை?" என்றார் பேச்சுத் தலைவி. இந்த முறை மேடைக்காகக் கேட்டதுபோல் இல்லை.

இயக்குநர் உடைந்தார். "எல்லாரும் குணமாயிட்டா இந்த நாலு மாடிய வச்சு நான் என்ன பண்றது மேடம்? குணமாகலேன்னாலும் கேப்பாங்க, குணமானாலும் கேப்பாங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கடுதாசி தூக்கியே என் காலம் போகுது. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டா, அப்புறம் என்னை எதுக்கு வச்சிருப்பாங்க?"

"என்ன தத்ரூபம்!" என்றார் விருந்தினர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கண்ணாடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "நான் கிளம்பலாங்களா?" என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டார். அவர் விழா தொடங்கியபோதே தன் ஜோடியைப் போட்டுக்கொண்டிருந்தார். அன்பாகத் தலையாட்டினார்.

வாசலுக்கு ஓடியபோது மனைவியின் பேருந்து வந்து நின்றது.

"டிக்கெட் எடுத்துட்டு உக்காருங்க," என்றாள் அவள். பாதி வழியில் வாகன நெரிசல். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்கள். இவர் ஜன்னலோரம் அமைதியாக இருந்தார். கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க, ஒண்ணும் கேக்கலையே? உடம்பு சரியில்லையா?"

"என்ன கேக்கணும்?"

"பிரேக்க கேப்பீங்கல்ல."

"அது உன் காலுக்குக் கீழதானே இருக்கு. நீ பாத்துக்க மாட்டியா?"

பேருந்தில் இருந்தவர்கள் யாரும் இறங்கவில்லை.

ரயில் நிலையம்தான் கடைசி நிறுத்தம். இருவரும் பிளாட்பாரத்துக்கு ஓடிவந்தபோது மகள் ஜன்னலோரம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"வரமாட்டீங்கன்னு நினைச்சேன்."

"விழால மாட்டிக்கிட்டேன்." அவர் ஜன்னல் கொக்கியைப் பார்த்தார். கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், ஏறிவிடாமல் இருக்க. அவர் ஏறவில்லை. சிரித்தார். பழக்கமில்லாத சிரிப்பு, கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

"நல்லா ஓட்டு," என்றார். "மேலேர்ந்து பாக்க நல்லா இருக்கும்."

ரயில் அசைந்தது. அவர் ஜன்னலோடு சேர்ந்து இரண்டு எட்டு நடந்தார்.

"அப்பா, தள்ளி நில்லுங்க!" என்று அவள் கத்தினாள். "கோட்டுக்கு அந்தப் பக்கம்! அம்மா, அவரைப் பிடிச்சுக்கோங்க! பத்திரம்பா! பத்திரம்!"

ரயில் போய்விட்டது. இருவரும் அந்த வெற்றுத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது.

"வீட்டுக்குப் போயிட்டீங்களாப்பா?"

"இன்னும் பிளாட்பாரத்துலயேதான் கண்ணு நிக்கறோம். நீ போய் அஞ்சு நிமிஷம்கூட ஆகல."

"இல்ல, ஓரமா நின்னுக்கிட்டு இருந்தீங்களே, அதான். தனியா ரோடு தாண்டாதீங்க. அடுப்பை அணைச்சீங்களா?"

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். பிறகு, உள்ளதிலேயே நிதானமான குரலில் சொன்னார்:

"அதையெல்லாம் இப்ப நினைக்காதம்மா. ஆறு மணிக்கு வரச் சொல்லு."